பழையசீவரம் என்றொரு கிளை

மானாம்பதி ஜான்சன் மகன் ஆல்வினுக்கு ழ வந்த கதை அந்தத் தெருவுக்கே தெரியும். பிறந்ததிலிருந்து அவன் வாயில் வாழைப்பழம் 'வாயப்பயம்' என்றுதான் வந்துகொண்டிருந்தது. அப்பனுக்கு அப்படித்தான், அம்மாவுக்கு அப்படித்தான், நாத்து நடப் போகிற தெரு மொத்தத்துக்கும் அப்படித்தான். அதில் குறை என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. காஞ்சிபுரத்தில் பி.சி.ஏ. சேர்ந்த முதல் மாசம், வகுப்பில் எழுந்து நின்று, "தமிய்ல கம்ப்யூட்டர்" என்று தன் தலைப்பைச் சொன்னான். வகுப்பே சிரித்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை சிரித்தது.

அன்றைக்கு ஆரம்பித்தான். கழனியில் மோட்டார் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டு, அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காதபடி, நாக்கை மடித்து மடித்துப் பழகினான். "இன்னாடா, வாய்க்குள்ள பல்லி பூந்துகிச்சா?" என்று ஜான்சன் கேட்டார். மூன்று மாசத்தில் ழ வந்துவிட்டது. பட்டம் வர மூன்று வருஷம் ஆயிற்று. இரண்டில் எதற்கு அதிகம் உழைத்தாய் என்று கேட்டால் அவன் ழவைத்தான் சொல்வான். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன். அந்தத் தெருவில் ழ சொன்ன முதல் ஆளும் அவன்தான்.

படிப்பு முடிந்ததும் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்தான். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ஆதாரில் பேர் திருத்தம், இப்படிப் போகும் வேலை. கடைப்பெயரைவிடப் பெரிதாக 'ஜா. ஆல்வின், பி.சி.ஏ.' என்று பலகையில் எழுதி வைத்திருந்தான். ஜான்சன் சந்தைக்கு வரும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து அந்தப் பலகையைப் பார்ப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "இதுல எதுடா பட்டம்?" என்று ஒருநாள் கேட்டு, கடைசி மூன்று எழுத்தையும் நெட்டுருப் பண்ணிக்கொண்டு போனார்.

அந்த வகுப்பில் அன்றைக்குச் சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான். பழையசீவரம் ஷாரோன். காரணம் பெரிய மனசெல்லாம் இல்லை. "எனக்கு எங்கடா தப்பு தெரிஞ்சுது? நானும் தமிய்ன்னுதான சொல்றேன்" என்றாள். அவள் அம்மா பாக்கியமேரி கூலிக்கு நடவு போகிறவள். அப்பா பாண்டியன் ஒரகடம் பக்கம் செக்யூரிட்டி, வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்தால் அதிகம். ஷாரோனும் கல்லூரி முடித்து ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். ஆனால் ழவுக்காக ஒருநாளும் நாக்கை மடித்தவள் இல்லை.

கல்லூரியின் கடைசி வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் செய்தார்கள். பேர் 'வாசி'. போனில் வருகிற மெசேஜைச் சத்தமாகப் படித்துச் சொல்லும். பாக்கியமேரிக்காக ஷாரோன் தொடங்கியது அது. நூறுநாள் வேலைக்கோ ரேஷனுக்கோ ஏதாவது மெசேஜ் வந்தால் பாக்கியமேரி போனை ஏந்திக்கொண்டு, படிக்கத் தெரிந்தவர் யாராவது வருவார்களா என்று தெருமுனையில் நிற்பாள். அந்த நிற்பை ஷாரோனால் பார்க்க முடியவில்லை.

வாசியைப் பூட்டி வைக்கவில்லை. அதன் சோர்ஸ் கோடு, அதாவது அதை இயக்குகிற எழுத்து, முழுவதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தித் தரலாம் என்று திறந்து வைத்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் என்று பதினோரு பேர் சேர்ந்தார்கள். நேரில் பார்த்தே இராத பதினோரு பேர். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கை வைத்தால் கலங்கிப்போகும் அல்லவா? அதனால் 'மெயின்' என்று நடுமரம் ஒன்று. ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரு கிளை பிரித்துக்கொண்டு, தங்கள் திருத்தத்தை அதில் செய்துபார்ப்பார்கள். சரியாக வந்தால் அந்தக் கிளையை மெயினில் சேர்ப்பது. சேர்க்கலாமா கூடாதா என்று முடிவு பண்ணும் சாவி ஆல்வினிடம் இருந்தது. சர்வரும் அவன் கடையில்தான், பிரிண்டருக்கு அடியில், ஒரு சின்னப் பெட்டி.

முதலில் எண்கள். மிஷின் குரல் எண்களைக் கண்டபடி குதறியது. "நானே பேசிடறேன்" என்று ஷாரோன் ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும், பூஜ்ஜியத்தையும் சேர்த்து, தன் குரலில் பதிந்தாள். கடை ஷட்டரைப் பாதி இறக்கி, பேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்கப் பதிவு. ஏழு வந்ததும் ஆல்வின் கையை உயர்த்தினான்.

"ஏயு இல்ல. ஏழு."

"ஏயு."

"ஏ-ழு. நாக்க மடி."

"ஏளு."

"ஷாரோன், ஊரே கேக்கப்போவுது இத."

"ஊரே ஏயுன்னுதான்டா சொல்லுது!"

பதினோரு தடவை சொல்லவைத்தான். பன்னிரண்டாவது தடவை, டிவியில் செய்தி வாசிப்பவளைப்போலக் கழுத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, சுத்தமான ஒரு ஏழைச் சொல்லிவிட்டு, "போடா, நீயும் உன் ஏயும்" என்று தண்ணீர் குடிக்கப் போனாள். அந்த ஏழு மெயினில் சேர்ந்தது.

பழைய கிளைகளை என்ன செய்வது என்பதிலும் அதே சண்டை. வேலை முடிந்த கிளையின் பேருக்கு முன்னால் 'பழைய' என்று சேர்த்து, அதன் பின்னால் ஒரு சின்னக் கிடைக்கோடும் போட்டுவிடுவது. வருஷத்துக்கு ஒருமுறை, அப்படிக் கோடு போட்டதையெல்லாம் மொத்தமாக நீக்குவது. இது ஷாரோன் சொன்ன யோசனை. நல்ல யோசனை. ஆனால் பேரை இங்கிலீஷ் எழுத்தில் எழுத வேண்டும். ழவுக்கு இசட், ஹெச் போடணும் என்றான் ஆல்வின். "எல் போடு போதும். எங்க ஊரு போர்டுலயே பழையசீவரத்துக்கு எல்தான் போட்டுகீது, கவர்மென்ட்டே போட்டுகீது" என்றாள் அவள். அந்த ஒரு விஷயத்தில் அவன் விட்டுக்கொடுத்தான். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததாக நினைத்தான்.

அதற்கு அடுத்த வருஷம் ஷாரோன் ஒரு கிளை பிரித்தாள். பேர் 'பழையசீவரம்'. ஊர் போர்டில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டல். லீவு நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஆயிரத்து நானூறு சொற்களைத் தன் குரலில் பதிந்தாள். அதோடு, மெசேஜில் 'வந்துள்ளது' என்று இருந்தால் 'வந்துகீது' என்று சொல்லும்படி விதிகளும் எழுதினாள். சோதனைக்காக அதை அம்மா போனில் மட்டும் போட்டுவைத்தாள். மெசேஜ் வந்தால் முதலில், "எம்மா, மெசேஜ் வந்துகீது, கேளு" என்று அவள் குரலே கூப்பிடும். பாக்கியமேரி நாத்துக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்று கேட்பாள். "இன்னா மேரி, பொண்ணு கம்பெனியிலர்ந்து கூப்புடுதா?" என்று கூட நடுகிறவர்கள் கேட்டால், "இல்லடி, மெசேஜ் படிச்சிக் காட்டுது" என்பாள், அது என்னவோ தினசரி எல்லார் வீட்டிலும் நடக்கிற சமாச்சாரம்போல.

ஆல்வின் அந்தக் கிளையைச் சேர்க்கவில்லை.

"படிச்சிட்டு வந்து 'கீது'ன்னு போட்டா சிரிப்பாங்க, ஷாரோன்."

"யாரு சிரிப்பாங்க?"

"எல்லாரும். யாழ்ப்பாணத்துக்காரர் பார்த்தா என்ன நினைப்பாரு?"

"இது யாருக்குடா செஞ்சது? படிக்கத் தெரிஞ்சவனுக்கா? எங்கம்மாவுக்கு 'வந்துள்ளது' சொன்னா கோர்ட்டுலர்ந்து ஆள் வந்தமாதிரி பயப்புடறா." அப்புறம் அவளே சிரித்துவிட்டுச் சொன்னாள். "எங்க ஊருக்கு எதிர்க்க, திருமுக்கூடல்ல மூணு ஆறு ஒண்ணா சேருது. எந்த ஆத்தையும் பார்த்து நீ சுத்தமா பேசு, அப்பால சேருன்னு யாரும் சொல்லல. நீ ஒரு கிளைய சேக்க மாட்டன்ற."

அவள் சேர்க்கக் கேட்டு எழுதிய குறிப்புக்குக் கீழே ஆல்வின் இரண்டே சொல் எழுதினான். 'பிறகு பார்க்கலாம்.'

கார்த்திகையில் மழை விட்டும் விடாமலும் இருந்த வாரம் ஷாரோனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள். ஐந்தாம் நாள் கல்லறைத் தோட்டத்தில் ஈரமண்ணில் நின்றுகொண்டிருந்தான் ஆல்வின். பெட்டியை இறக்கும் நேரத்தில் பாக்கியமேரியின் இடுப்பில் சொருகியிருந்த போன், "எம்மா, மெசேஜ் வந்துகீது, கேளு" என்றது. ஜெபம் நின்றுபோயிற்று. பாஸ்டர்கூடச் சற்று நேரம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். யாரும் அந்தப் போனை அணைக்கச் சொல்லவில்லை.

தை மாசம் பாக்கியமேரி ஒரு பையை அணைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். உள்ளே ஷாரோனின் லேப்டாப். கொழுந்தனார் மகள் நிஷா பிளஸ் டூ முடிக்கப்போகிறாள், அவளுக்கு ஆகட்டும் என்று குடுக்கலாமாம், துடைத்துப் புதுசாக்கித் தரணுமாம்.

"இதுல பாப்பா பேசினது கீதே நைனா. அது போயிடாதா?"

"போகாதும்மா. அதெல்லாம் கிளையில பத்திரமா இருக்கு."

"எந்தக் கிளையில? உத்திரமேரூர் கிளையா, வாலாஜாபாத்தா?"

பேங்க் கிளை என்று நினைத்துவிட்டாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. விளக்கிச் சொல்லியிருக்கலாம். "இந்தக் கிளைதாம்மா" என்று பிரிண்டருக்கு அடியில் இருந்த பெட்டியைக் காட்டினான். பாக்கியமேரி அதைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள். அவள் கண்ணெதிரிலேயே லேப்டாப்பை ஃபார்மேட் பண்ணிக் கொடுத்தான்.

சித்திரையில் சுபாஷ்ரீ போனில் பேசினாள். வாசியில் உதவுகிற பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண், இப்போது பெங்களூரில் வேலை. பார்வையில்லாதவர்களுக்கான அமைப்பு ஒன்று வாசியை எடுத்துக்கொள்ளப் பிரியப்படுகிறதாம். உள்ளே வந்து பார்க்கப்போகிறார்களாம்.

"ஆல்வின் அண்ணா, நாப்பத்தஞ்சு கிளை கெடக்குது. எது புதுசு எது பழசுன்னு எனக்கே தெரியல. வர்றவங்க என்ன நினைப்பாங்க? கொஞ்சம் ஒழுங்கு பண்ணிடுங்க."

வர்றவங்க என்ன நினைப்பாங்க என்பது ஆல்வினுக்குப் போதும். மறுநாள் காலை கடை திறந்ததுமே உட்கார்ந்தான். 'பழைய' என்று தொடங்குகிற கிளைகளையெல்லாம் சர்வரிலும் தன் லேப்டாப்பிலும் நீக்கச் சொல்லி ஒற்றை வரிக் கட்டளை அடித்தான். எதிரே ஒரு அம்மா வருமானச் சான்றுக்கு விரல் வைக்க நின்றுகொண்டிருந்தாள். முப்பது வரி சரசரவென்று ஓடி மறைந்தது. அவன் படிக்கவில்லை. நீக்கின கிளையில் இருந்தவை கொஞ்ச நாள் உள்ளேயே குப்பையாகக் கிடக்கும் என்பதால், அதையும் பெருக்கித் தள்ளும் கட்டளையை அடித்தான். சின்னப் பெட்டி, இடம் போதாது. முடிந்ததும் சுபாஷ்ரீக்கு மெசேஜ் போட்டான். 'எல்லாம் சுத்தம். ஒன்றரை ஜிபி மிச்சம்!'

குரல்பதிவுக்குக் கனம் உண்டு, எழுத்துக்கு அவ்வளவு கனம் கிடையாது. சோர்ஸ் கோடு மட்டும் உள்ள முப்பது கிளை போனால் ஒரு கைப்பிடிகூட மிச்சமாகாது. அது அவனுக்குத் தெரிந்த கணக்குதான். அன்றைக்கு அவனுக்கு அது தோன்றவில்லை.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை பாக்கியமேரி மறுபடி வந்தாள். வாலாஜாபாத்தில் பஸ் மாறி, நின்றுகொண்டே வந்த களைப்பு. கையில் புதுப் போன்.

"பயைய போனு நடவுல சேத்துல வியுந்துட்ச்சி நைனா. அப்பால அது வாயே தொறக்கல. இவுரு இத வாங்கியாந்தாரு. இது ஊமையா கீது. பாப்பா பேசறது போட்டுக் குடு."

"தோ, போட்டுடலாம்மா. அந்தப் பழைய போன் கொண்டுவந்தீங்களா?"

"அது எதுக்கு? தெருவுல மைக்கு வச்சிகினு வருவானே, பயைய போனு ஒடஞ்ச போனு எடுக்கறவன். அவன்கிட்ட போட்டு ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கிகினேன். நீதான் கிளையில பத்திரமா கீதுன்னியே."

"ஆமாம்மா" என்று சொல்லிக்கொண்டே அவன் கிளைகளின் பட்டியலைத் திறந்தான். பதினைந்து பேர் இருந்தது. மேலிருந்து கீழே படித்தான். கீழிருந்து மேலே படித்தான். சித்திரையில் அடித்த கட்டளையைத் தேடி எடுத்துப் பார்த்தான். பழைய என்று இருந்தது. பழையவுக்குப் பிறகு போடவேண்டிய அந்தச் சின்னக் கோடு இல்லை. கோடு இல்லாத பழையவில் பழையசீவரமும் அடக்கம். அன்றைக்கு அவன் பிடிவாதமாக இசட், ஹெச் என்றே நின்றிருந்தால், எல் போட்ட பழையசீவரத்தை அந்தக் கட்டளை தொட்டிருக்காது. வாழ்நாளில் ழவை அவன் விட்டுக்கொடுத்தது அந்த ஒருமுறைதான்.

"இன்னா நைனா, நெட்டு வரலியா?"

"ஆமாம்மா. நெட்டு இல்ல. நானே வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுத் தரேன். ஞாயித்துக்கிழமை."

"பேஜார் புடிச்ச நெட்டு" என்று அவனுக்காக நெட்டைத் திட்டிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள். நாஷ்டா பண்ணினாயா என்று போகிறபோது கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த ஐந்து நாளும் அவன் கடையில் ஒரு விண்ணப்பமும் நகரவில்லை. சர்வரைத் தோண்டினான். பெருக்கின இடம் பெருக்கினபடி இருந்தது. பதினோரு பேருக்கும் எழுதினான். யாரும் மெயினைத் தவிர வேறெதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் மட்டும் பதில் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார். 'அந்தக் கிளையை ஒருமுறை இறக்கிக் கேட்டேன். உங்கள் ஊர்ப் பேச்சு மிக அழகாக இருந்தது. ஏன் சேர்க்கவில்லை என்று கேட்க நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். இப்போது என் கணினியும் மாறிவிட்டது.' ஆல்வின் அதைப் படித்து முடித்து, கடைக்கு வெளியே போய் நின்றான். அவர் சிரிப்பார் என்றுதானே அவன் அத்தனை நாள் பயந்தது.

சுபாஷ்ரீ போனில் அழுதாள். "நான்தானே அண்ணா ஒழுங்கு பண்ணுங்கன்னு சொன்னேன்."

"நீ ஒழுங்கு பண்ணத்தான் சொன்ன."

வேறெங்காவது அவள் குரல் கிடைக்குமா என்று பார்த்தால், ஷாரோன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறவளும் இல்லை. மைக் முன்னால் பேசிப் பேசியே வாய் வலிக்கிறது என்று எல்லாவற்றையும் தட்டித்தான் அனுப்புவாள். சொந்தக்காரர் நிச்சயதார்த்த வீடியோ ஒன்று கிடைத்தது. ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருக்க, பந்தி நடுவில் ஷாரோன் எதையோ சொல்லிச் சிரிக்கிறாள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமைதான் அவனுக்கு எண்கள் ஞாபகம் வந்தது. மெயினிலேயே இருந்தன. அவன் கையால் சேர்த்தவை. பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது வரை, பத்தே பத்துச் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நொடிகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் பழையசீவரம் போனான். மலைக்கோயிலுக்குப் போகிற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பாக்கியமேரி ஆராதனைக்குக் கட்டின வெள்ளைப் புடவையை இன்னும் மாற்றவில்லை. வாசலில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் தொட்டி, நிறையத் தண்ணீர். "காலு கயுவிகினு வா நைனா" என்றாள். அந்தத் தொட்டியிலிருந்து மொண்டுதான் கழுவினான்.

உள்ளே ஷாரோன் பட்டமளிப்பு உடையில் சட்டத்துக்குள் இருந்தாள். பாக்கியமேரி டீ வைத்தாள். புதுப் போனைத் துடைத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள், ஜெபத்துக்கு உட்காருகிறமாதிரி. அவன் வாசியைப் போட்டான். தன் போனிலிருந்து ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக எண்களை ஒரு மெசேஜாக அனுப்பினான்.

"ஒண்ணு" என்றாள் ஷாரோன்.

பாக்கியமேரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு. மூணு. நாலு." ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள், ஒன்றாம் வகுப்பில் பிள்ளை எண்ணுவதைக் கேட்கிற தாயைப்போல. "அஞ்சு. ஆறு."

"ஏழு."

ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. "எட்டு, ஒம்போது" என்று முடிந்து போன் அமைதியாயிற்று.

"இன்னொரு தபா போடு."

போட்டான். இந்தத் தடவை அவள் போனைக் காதோடு வைத்துக் கேட்டாள்.

"நடுவுல யாரோ பேசறாங்க நைனா. ஆறுக்கு அப்பால."

"அதுவும் ஷாரோன்தாம்மா."

"இல்ல. எம்பொண்ணு ஏயுன்னுதான் சொல்லும். இது யாரோ டிவிப் பொம்பள." அப்புறம், அவன் மனசு நோகக்கூடாதே என்று, "மத்ததெல்லாம் பாப்பாதான். நல்லா கீது. மீதியப் போடு, 'எம்மா, மெசேஜ் வந்துகீது'ன்னு கூப்புடுமே, அத" என்றாள்.

"அவ்ளோதாம்மா."

"மீதி?"

டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, அந்தக் கிளைய மூடிட்டாங்களா?"

வருகிற வழியெல்லாம் அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். ஒரு சின்னக் கோடு விட்டுப்போனது, தவறுதலாக நீங்கிவிட்டது, மீட்க எவ்வளவோ முயன்றேன் என்று, நன்றாகப் படித்தவன் சொல்கிறமாதிரி வாக்கியங்கள். ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான்தாம்மா அயிச்சிட்டேன்" என்றான். "நான்தான் அயிச்சிட்டேன். பயசுன்னு நெனச்சி அயிச்சிட்டேன்."

மோட்டார் கொட்டகையில் மூன்று மாசம் மடித்த நாக்கு. பாக்கியமேரிக்கு அதிலெல்லாம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவள் வீட்டில் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள். அவள் அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முக்காட்டை எடுத்துவிட்டு வாசலில் இருந்த தொட்டியைப் பார்த்தாள்.

"நான் அந்தப் போன போட்டிருக்க மாட்டனே நைனா" என்றாள்.

அப்புறம் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டுபோய்ச் சூடு பண்ணி, திரும்பக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "குடி" என்றாள்.

அவன் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "நம்பரு போட்ட மெசேஜி வந்தா மட்டும் பேசுமா?"

"ஆமாம்மா. நம்பரை மட்டும் அவ படிப்பா. மத்ததை மிஷின் படிக்கும்."

"எனக்கு யாரு நம்பரு அனுப்பறாங்க?" என்றாள். கேள்வி மாதிரியும் இல்லை.

அந்த வாரமே ஆல்வின் ஒரு வேலை செய்தான். குரல்தான் போயிற்று, 'கீது' விதிகள் எழுத்துதானே, தலையிலிருந்து திரும்ப எழுதினான். ஷாரோன் எழுதின அளவுக்கு வரவில்லை. ஆனாலும் எழுதி, அவள் பேரைப் போட்டு மெயினில் சேர்த்தான். இப்போது வாசியில் ஊர்ப்பேச்சு வேண்டும் என்று தெரிவு செய்தால் மிஷின் குரல் 'வந்துகீது' என்று சொல்லும். யாரும் சிரிக்கவில்லை. செய்யாற்றுப் பக்கத்திலிருந்து ஒருவர், எங்கள் அப்பா இப்போதுதான் போனைத் திட்டாமல் கேட்கிறார் என்று எழுதியிருந்தார். கிளைகள் எதையும் இனி நீக்குவதில்லை என்றும் விதி போட்டாகிவிட்டது. சுபாஷ்ரீ பெரிய சேமிப்புப் பெட்டியாக ஒன்று வாங்கித் தந்தாள். இடம் தாராளமாக இருக்கிறது.

அவன் தினமும் காலையில் கடை திறந்ததும், கம்ப்யூட்டர் விழிப்பதற்குள் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. பாக்கியமேரி போனுக்கு அன்றைய தேதியை அனுப்புவான். மாசம் வேண்டாம், வருஷம் வேண்டாம், தேதி மட்டும். பன்னிரண்டு என்றால் ஒண்ணு, ரெண்டு. முப்பது என்றால் மூணு, பூஜ்ஜியம். அந்நேரத்துக்கு அவள் கழனிக்குப் போகும் வழியில் இருப்பாள். ஏழாம் தேதி, பதினேழாம் தேதி, இருபத்தேழாம் தேதி, இந்த மூன்று நாளும் அனுப்பமாட்டான்.

போன மாசம் ஏழாம் தேதி காலையில் அவளே கூப்பிட்டாள். பின்னால் நடவு ஆட்களின் பேச்சுச் சத்தம்.

"நைனா, இன்னிக்கி இன்னும் வரலியே."

"இன்னிக்கி ஏயாந்தேதிம்மா."

யாரோ அவளைப் பேர்சொல்லிக் கூப்பிடுவதும், சேற்றில் கால் எடுத்து வைக்கிற சத்தமும் கேட்டது.

"ஓ" என்றாள் பாக்கியமேரி. "சரி நைனா. நாளிக்கி எட்டுதான?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.